கைராசி

முதல் குத்தில் நரம்பு கிடைக்கவில்லை. இரண்டாவதும் தவறியது. பிரெசில்லா ஊசியை உருவிப் பஞ்சை வைத்து அழுத்தினாள். கட்டிலில் கிடந்த அவளுடைய அப்பா சந்தியாகு, முகம் சுளிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். வலை இழுத்தே காய்த்துப்போன கை. ஈரல் கெட்டு உடம்பெல்லாம் நீர் கோத்ததில் நரம்பு இருக்கும் இடமே தெரியவில்லை.

"தள்ளுடி, நான் பாக்குறேன்" என்றாள் சிநேகா.

சிக்கல் என்கிற ஊர்க்காரி. நர்சிங் மாணவிகளை வார்டு வேலைக்கு இருவர் இருவராகத்தான் விடுவார்கள். ஒருத்தி செய்ய, மற்றவள் பக்கத்தில் நின்று தப்பைச் சொல்ல வேண்டும். பிரெசில்லாவுக்கு வாய்த்த ஜோடி இவள். போன வருஷம் ஊசியைக் கண்டாலே இவளுக்குக் கை வெடவெடக்கும். பயம் தெளியட்டும் என்று ஹாஸ்டலில் தன் கையையே நீட்டிக் குத்தச் சொன்னவள் பிரெசில்லா. முழங்கை மடிப்பு கன்றிப்போய், வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுத் திரிந்தாள்.

சிநேகா கண்ணால் தேடாமல் விரலால் தடவினாள். பிரெசில்லா சொல்லிக்கொடுத்த அதே தடவல். "அப்பா, லேசாக் குத்தும்" என்றாள். அதுவும் பிரெசில்லா சொல்லிப் பழக்கியதுதான். ஒரே குத்து. ஊசிக் குழலில் ரத்தம் ஏறி நின்றது.

"ஆத்தாடி! எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லையே. கைராசிக்காரி" என்று மூச்சு வாங்கச் சொன்னார் சந்தியாகு. "ஏத்தா பிரெசி, நீ இந்தப் புள்ளகிட்ட கத்துக்க."

பிரெசில்லாவுக்குச் சுள்ளென்று ஏறியது. சொல்லுடி, நீயே சொல்லு என்று சிநேகாவின் முகத்தையே பார்த்தாள். அந்தப் புண்ணியவதி பிளாஸ்திரி ஒட்டுவதிலேயே குறியாக இருந்தாள். பாராட்டு ருசித்த வாய் திறக்குமா? பெற்ற தகப்பனிடம் போய், இவளுக்கு நான்தான் வாத்தியார் என்று தானே பீற்றிக்கொள்ளவும் வெட்கமாக இருந்தது.

"குளுக்கோஸையும் நீயே மாட்டு. கைராசிக்காரில்ல" என்று வயிறு எரியச் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

குழாயடியில் முகம் கழுவினாள். ஆத்திரம் அடங்கவில்லை. கான்டீன் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். மகள் நர்சம்மா ஆகப்போகிறாள் என்று ராமேஸ்வரம் தீவு முழுக்கச் சொல்லித் திரிந்த மனுஷன் அவர். அவர் வாயிலிருந்து இந்தப் பேச்சா? போனதும் சொல்லிவிட வேண்டும். வெட்கமாவது, மண்ணாவது.

அவள் திரும்பியபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"திடீர்னு ரத்த வாந்திடி. உன்னய எங்கெல்லாம் தேடச் சொன்னேன்..." என்றாள் சிநேகா. சந்தியாகுவின் மார்பை அமுக்கி அமுக்கி அவள் வியர்வையில் நனைந்திருந்தாள்.

அம்மா ஜோதிமேரி ராமேஸ்வரத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். அவள் வருவதற்குள் உடம்பைச் சுத்தம் செய்ய வேண்டும். இருவரும் சேர்ந்து துடைத்தார்கள்.

"அவர்ட்ட சொல்லிட்டேன்டி" என்றாள் சிநேகா. "நீ போனதும். எனக்குக் கத்துக்குடுத்ததே உங்க மகதான்னு."

"அப்பா என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. அப்படியொரு சிரிப்பு."

அந்தச் சிரிப்பையும் இவள்தான் பார்த்திருக்கிறாள்.

"கையில இருக்க ஊசிய நான் எடுக்குறேன். நீ தொடாத" என்றாள் பிரெசில்லா.

மெல்ல உருவினாள். பஞ்சை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். ரத்தம் வரவில்லை, இனி வராது. அவள் அழுத்திக்கொண்டே நின்றாள். தப்பைச் சொல்ல வேண்டியவள் பக்கத்திலேயே நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை.