கம்பெனிப் பொட்டி

பொன்னுரங்கம் பாய்ந்து ரஷீதின் சட்டையைப் பிடித்தபோது, மதி ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த நீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் அண்ணன் பாரி, தலையில் கட்டோடு.

"உன்னாலதாண்டா போனான் எம்புள்ள!"

பாரியின் கூட்டாளி ரஷீது எதிர்க்கவில்லை. மாவுக்கட்டு போட்ட கை கழுத்திலிருந்து தொங்கியது. பைக்கை ஓட்டியவன் அவன்தான். பின்னால் பாரி, ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய கம்ப்யூட்டர் கேபினெட்டை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பொழுது சாயும் நேரம். எண்ணூர் ரோட்டில் விளக்கும் போடாமல் எதிர்ப்பக்கமாக ஏறி வந்தது கண்டெய்னர் லாரி.

அந்தக் கம்ப்யூட்டருக்காக வீட்டில் நடந்த சண்டை தெருவுக்கே தெரியும்.

"கம்பெனிப் பொட்டியே வாங்குடா. ரிப்பேர்னா அவனே ஆளு அனுப்புவான்" என்பார் பொன்னுரங்கம்.

"அதுல கேம் ஓடாது நைனா. திக்கித் திக்கி நிக்கும். தனித்தனியா வாங்கினா நல்ல கார்டா போடலாம்."

"மாட்டத் தெரியுமா உனக்கு?"

"பிரவுசிங் சென்டர்ல அத்தினி பொட்டியையும் யாரு கயட்டி மாட்றா? நாந்தானே?"

மதி எப்போதும் அண்ணன் பக்கம். ஓடாத பெட்டியை வாங்கி எதற்கு, பூ வைக்கவா என்று கேட்டாள். கடைசியில் பொன்னுரங்கம், "இன்னாவோ பண்ணித் தொலைங்க" என்று துண்டை உதறிக்கொண்டு போனார்.

இப்போது தாய்மாமன் கிருஷ்ணப்பன் அவரை விலக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். வைத்தவர் சும்மா இருக்கவில்லை.

"கம்பெனிப் பொட்டின்னா வூட்டாண்டயே எறக்கி வச்சிட்டுப் போயிருப்பான். வெளையாட்டுப் பொட்டிக்கு உசுர வுட்டான் பாரு."

சாமியானாவுக்குள் தலைகள் ஆடின. காலையிலிருந்து இதே பேச்சுதான். மதியின் கையிலிருந்த துணி நசுங்கியது.

"பொட்டியா மாமா வந்து இட்ச்சுது?"

எல்லோரும் திரும்பினார்கள்.

"லைட்டு இல்லாம எதுக்கால வந்தானே, அவன ஒருத்தராச்சும் கேட்டீங்களா? போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒருத்தராச்சும் போனீங்களா? செத்தவனப் போயி குத்தம் சொல்லிகினு கீறீங்க!"

"சும்மா இருடி" என்று அம்மா பூவம்மா அவள் தாவணியை இழுத்தாள்.

"நீதாண்டி அவனுக்கு ஏத்தி வுட்ட" என்றார் பொன்னுரங்கம். குரல் உயரவில்லை.

மதி அவரை நேராகப் பார்த்தாள்.

"ஆமா நைனா. ஏத்தி வுட்டேன். ஆசப்பட்டத அவன் வாங்கட்டும்னு சொன்னேன். இப்பவும் அதான் சொல்லுவேன்."

பூவம்மா கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழத் தொடங்கினாள். யாரோ மேளக்காரர்களுக்குக் கை காட்ட, பறை அதிர்ந்தது.

பாடை தூக்கினார்கள். பொன்னுரங்கம் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தார். பெண்கள் தெருமுனையில் நின்றுகொண்டார்கள்.

முனையைத் தாண்டி ஊர்வலம் போகவில்லை. துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் ரோட்டை அடைத்து நின்றன. முன்னாலிருந்த லாரி ஹாரன் அடித்தது. பறைச்சத்தத்துக்கு மேலே இன்னொரு முறை, நீளமாக.

பொன்னுரங்கம் சட்டியைத் தரையில் வைத்தார். லாரியின் முன்னால் போய் இரண்டு உள்ளங்கையாலும் அதன் முகத்தில் அறைந்தார். தகரம் அதிர்ந்தது. மறுபடி அறைந்தார். "எறங்குடா! எறங்கி வாடா கீய!" மேளம் நின்றுவிட்டது. தடுக்கப் போன கிருஷ்ணப்பனை உதறித் தள்ளினார். கூட்டத்தின் பின்னாலிருந்து ரஷீது வந்து அவர் பக்கத்தில் நின்றான்.

லாரி மெல்லப் பின்வாங்கியது. பாடை நுழையும் அளவுக்கு மட்டும்.

ரஷீது குனிந்து, நல்ல கையால் சட்டியின் உறியைப் பிடித்துத் தூக்கி நீட்டினான். கனம் தாங்காமல் கை ஆடியது. பொன்னுரங்கம் அவன் விரல்களின் மேலேயே பிடித்துக்கொண்டார். இருவருமாக நடந்தார்கள்.