பச்சை நாள் பார்த்து

எங்கள் வீட்டில் நல்ல நாள் பார்க்க யாரிடமும் போவதில்லை. டிவியைப் பார்ப்போம். கூடத்தில் என் மாமனார் காலையிலேயே வியாபாரச் செய்தியைப் போட்டுவிடுவார். அதன் அடியில் பங்குச் சந்தை எண் ஓடிக்கொண்டிருக்கும். சந்தை ஏறி எண் பச்சையில் ஓடினால் அவரிடம் எதையும் கேட்கலாம், எந்தக் கெட்ட சேதியையும் சொல்லலாம். இறங்கிச் சிவப்பில் ஓடினால் குழாய் ஒழுகுவதைக்கூடச் சொல்லக் கூடாது.

இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று தெரியாது. நான் மருமகளாக வருவதற்கு முன்பே இருந்தது. என் மாமியார் தன் கண் ஆபரேஷனுக்கே பச்சை நாள் பார்த்துத்தான் பேச்செடுத்தார். என் கணவர் பைக்கைச் சுவரில் மோதிவிட்டு, பச்சை வரும்வரை அதன்மேல் பழைய போர்வையைப் போர்த்தி வைத்திருந்தார். மழைக்கு என்று சொன்னார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

ஏன், எங்கள் கல்யாணமே பச்சை நாள் கல்யாணம்தான். என்னை வாசலில் நிற்க வைத்துவிட்டு இவர் உள்ளே போய் டிவியைப் பார்த்துவிட்டு வந்தார். "பச்சை! சந்தை உச்சத்துல இருக்கு. சீக்கிரம் வா" என்றார். காதல் விஷயத்தைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தார். மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரி" என்றார். ஊர் என்ன, பேர் என்ன, ஒரு கேள்வி இல்லை. அன்றைக்கு எனக்குள் ஒரு முள் தைத்தது, இன்றுவரை எடுக்க முடியவில்லை. மாமா சரி சொன்னது எனக்கா, சந்தைக்கா? சிவப்பு நாளில் வந்திருந்தால் என்னை வாசலோடு அனுப்பியிருப்பாரா?

நான் வேலை பார்த்தது துணி துவைக்கும் இயந்திரம் செய்யும் ஒரு பெரிய கம்பெனியில். மாமா எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அதில் கொஞ்சம் பங்கு வாங்கினார். எதிர்வீட்டுக்காரரிடம் "என் மருமக கம்பெனி" என்பார், ஏதோ நான்தான் முதலாளி மாதிரி. நான் இருந்தது புகார்ப் பிரிவில். தண்ணீர் வடியவில்லை, மூடி திறக்கவில்லை என்று போனில் கத்துகிறவர்களிடம் நாள் முழுக்கத் திட்டு வாங்குகிற வேலை.

அந்தப் பிரிவையே போன வாரம் எடுத்துவிட்டார்கள். இனிமேல் இயந்திரக் குரல் பேசுமாம். திட்டு வாங்கக்கூட மனுஷி வேண்டாம் என்று ஆகிவிட்டது. அன்று சாயங்காலம் கணவரிடம் சொல்லி அழுதேன். அவர் தலையைத் தடவிவிட்டு, "அப்பாகிட்ட பச்சை வந்ததும் சொல்லிக்கலாம்" என்றார். மாமியாரும் அதையே சொன்னார்.

பச்சை வந்தால்தானே? வாரம் முழுக்க ஒரே சிவப்பு. பங்குச் சந்தை லிஸ்டில் இருக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறவள் என்றுதான் இந்த வீட்டில் எனக்கு மரியாதை என்று நினைத்திருந்தேன். அது போனால் நான் இங்கே யார்? வழக்கம்போல மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பி, கணவரின் மூக்குக்கண்ணாடிக் கடையில் போய் உட்கார்ந்தேன். அங்கே வருகிறவர்கள் உடைந்த பிரேமை ஒட்டித் தரச் சொன்னார்கள், திருகு மாற்றச் சொன்னார்கள். புதுக் கண்ணாடி என்று யாரும் வாய் திறக்கவில்லை. இதைப் பற்றி அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒருமுறை விவாதமே நடந்திருக்கிறது.

"சந்தை ஏறினா நாடு நல்லா இருக்குன்னு அர்த்தம்டா."

"அப்போ என் கடைல ஏன்ப்பா ஈ ஓட்டிட்டு இருக்கேன்?"

"உன் கடை நாட்டுல சேர்த்தி இல்ல."

நேற்று சாயங்காலம் நாங்கள் இருவரும் வீட்டுக்குள் நுழையும்போதே டிவி பச்சையாக இருந்தது. மாமா மேஜைமேல் ஒரு கேக்கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வாம்மா, வா! இன்னிக்கு உன் கம்பெனிதான் ராஜா. எங்கயோ போயிடுச்சு போ!"

கணவர் என் காதில், "இதைவிட நல்ல நாள் வராது. சொல்லிடு" என்றார். மாமியார் சமையலறை வாசலிலிருந்து கண்ணைக் காட்டினார். டிவியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்: செலவைக் குறைக்க நிறுவனம் எடுத்த துணிச்சலான நடவடிக்கையை முதலீட்டாளர்கள் வரவேற்றிருக்கிறார்கள்.

பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம். மாமா கத்தியைக் கையில் எடுத்து, "அப்படி என்ன செலவும்மா குறைச்சாங்க? உங்களுக்கெல்லாம் சொன்னாங்களா?" என்று ஆசையாகக் கேட்டார்.

"மாமா, அந்தச் செலவு நான்தான்."

அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. புரிந்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"எப்போம்மா?"

"போன வாரம்."

"அப்போ தினமும் சாப்பாட்டைக் கட்டிட்டு எங்க போன?"

"இவர் கடைக்கு."

மாமா பிள்ளையைப் பார்த்தார். இவர் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முழித்தார். மாமா திரும்பி மாமியாரைப் பார்த்தார்.

"உனக்கும் தெரியுமா?"

"தெரியுங்க. சொல்லத்தான் நினைச்சோம். வாரம் பூரா சிவப்பா இருந்துச்சே, எப்படிச் சொல்றது?" என்று மாமியார் போட்டு உடைத்துவிட்டார்.

"சிவப்புன்னா?"

அப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? மாமியார் எல்லாவற்றையும் சொன்னார். கண் ஆபரேஷன், பைக், போர்வை, கல்யாணம் வரைக்கும். மாமா கத்துவார் என்று நாங்கள் மூன்று பேரும் சுவரோடு சுவராக ஒட்டி நின்றோம். அவர் கத்தவில்லை. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"நான் வச்சிருக்கிறது ரெண்டே ரெண்டு கம்பெனி. அந்த எண் ஏறினா எனக்கென்ன, இறங்கினா எனக்கென்ன?"

"சிவப்பு நாள்ல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருப்பீங்களே" என்றார் மாமியார்.

"யாருமே கிட்ட வர மாட்டீங்க. நீ காபியை டக்குன்னு வச்சுட்டு ஓடிடுவ. இவன் செருப்பைக் கையில தூக்கிட்டு உள்ள போவான். நான் என்ன தப்பு பண்ணேன்னு தெரியாம நாள் பூரா யோசிச்சுட்டு உக்காந்திருப்பேன்."

"அப்புறம் எதுக்குங்க அந்த டிவியையே கட்டிக்கிட்டு அழறீங்க?"

"வேற யார் என்கிட்ட பேசறா?"

கேட்கவே பாவமாக இருந்தது. ஆனாலும் என் முள் எனக்கு. கேட்டுவிட்டேன்.

"எங்க கல்யாணத்துக்கு நீங்க சரி சொன்ன அன்னிக்கு சந்தை உச்சத்துல இருந்துச்சே மாமா?"

"சந்தை உச்சத்துலதான் இருந்துச்சு." அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. தான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பேட்டரி கம்பெனியைப் பற்றிச் சொன்னார். "ஊர்ல இருக்கிற கம்பெனி எல்லாம் ஏறுச்சு. எங்க கம்பெனி மட்டும் விழுந்துச்சு. எனக்கு அப்போ இருந்தது அந்தப் பங்கு மட்டும்தான். பாதிக்கு மேல போச்சு. இவகிட்டகூட சொல்லல."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்ன பண்றதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன். அப்பதான் இவன் உன்னைக் கூட்டிட்டு வந்து நிறுத்தினான். பயந்துபோய் நின்ன. அன்னிக்கு இந்த வீட்டுல ஒரு நல்லதாவது நடக்கட்டும்னு தோணுச்சு. சரின்னேன்."

நான் அழுதேன். வெட்கமில்லாமல், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். கேக்கை யாரும் வெட்டவில்லை.

இன்று காலை தாமதமாக எழுந்து வந்தால், சந்தை திறந்து டிவி மறுபடி பச்சை. என் கம்பெனி நேற்றைவிட மேலே போயிருந்தது. சமையலறையில் மாமியார் என் கையைப் பிடித்து, பழக்க தோஷத்தில், "பச்சையாத்தான் இருக்கு, நல்லா இருப்பார். போய் காபியைக் குடு" என்றார்.

காபியோடு போனேன். இத்தனை வருஷமும் கூடத்துக்குள் நுழைந்ததும் என் கண் அந்த எண்ணுக்குத்தான் போகும். இன்று அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணெல்லாம் சிவந்து, கன்னம் ஒட்டிப்போய் இருந்தார்.

"மாமா, ராத்திரி தூங்கலையா?"

"உனக்கு வேலை போயிருக்கு. எனக்கு எப்படிம்மா தூக்கம் வரும்?"

அவர் சோபாவில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். பக்கத்தில் உட்கார்ந்தேன். டிவியில் என் கம்பெனி இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.