தீனி நேரம்

எலியம்மா தீனித் தட்டுகளை ஒவ்வொரு கூண்டாக வைத்துக்கொண்டு வந்தாள். எலியம்மா என்பது ஆராய்ச்சிக்கூட வாசலில் காவல் நிற்பவர் வைத்த பெயர். அவளும் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டாள்.

இந்த வரிசைக் கூண்டுகளில் எலி ஓடுவதற்குச் சக்கரம் உண்டு. தீனி நாளுக்கு ஒரு மணி நேரம்தான். புதிதில் எல்லா எலிகளும் தட்டில் விழுந்து தின்றன. போகப்போகத் தின்பது குறைந்து ஓட்டம் கூடிவிட்டது. ஓரக் கூண்டுப் பெட்டை எலி இன்று தட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. முதுகெலும்பு தோலுக்கு மேலே மணிமணியாகத் தெரிய, மறுபடியும் சக்கரத்தில் ஏறியது.

காலையில் எலியம்மாவின் மகளும் இப்படித்தான், தட்டில் போட்டதை விரலால் ஒதுக்கிவிட்டு, சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். "எல்லாம் கொழுப்பு. நீ செல்லம் குடுத்துக் கெடுத்தது" என்று லாரி ஓட்டக் கிளம்பும்போது கணவன் எரிந்து விழுந்தான்.

மூளை ஆராய்ச்சி செய்யும் இளம்பெண் கையுறையை மாட்டிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"மேடம், இது ஏன் திங்க மாட்டேங்குது? அடமா?"

"அடம் இல்லக்கா. தீனி குறைஞ்சு ஓட்டம் கூடக்கூட இதுங்க மூளையே மாறுது. நினைச்சாலும் நிறுத்த முடியாத மாதிரி ஆயிடுது."

"மனுஷங்களுக்கும் அப்படியா?"

"இருக்கலாம்னு நினைக்கிறோம். அதத் தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவும்." அவள் எலியைத் தூக்கித் தராசுக் கிண்ணத்தில் விட்டாள். முகம் மாறியது. "எடை ரொம்ப இறங்கிடுச்சு. இதோட சக்கரத்த எடுத்துடுங்க, தட்டு உள்ளயே இருக்கட்டும். இதுக்கு மேல இளைக்க விடக்கூடாது, ஆராய்ச்சிக்கூட விதி அப்படி."

எலியம்மா சக்கரத்தைக் கழற்றும்போது இடுப்பில் போன் அதிர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரி. "பொண்ணு படிக்கட்டுல மயங்கி விழுந்துட்டா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன், சீக்கிரம் வாங்க."

மேற்பார்வையாளர் கதவருகே மறித்தார். "தீனி நேரம் முடியாம எங்க போறீங்க?"

"தட்ட நான் எடுத்துக்கிறேன் சார், அவங்க போகட்டும்" என்றாள் இளம்பெண்.

"இன்னைக்கு இவங்கள விட்டா நாளைக்கு எல்லாரும் கிளம்புவாங்க மேடம். போறதுன்னா போங்கம்மா. நாளைக்கு வேற ஆள் வந்துடும்."

எலியம்மா கையுறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டாள். "வரட்டும் சார்."

ஆஸ்பத்திரியில் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உக்காரச் சொன்னா கேக்கவே மாட்டேங்கிறா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"நான் அடம் பிடிக்கலம்மா. முடியல."

"தெரியும்டி" என்றாள் எலியம்மா. இத்தனை நாளும் மகளிடம் சொல்லாத வார்த்தை. மகள் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். எலும்பு குத்தியது.

டாக்டர் மகளின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். "ரத்தம் கம்மி. நல்லா சாப்பிடணும். இந்த வயசுல அழகு அழகுன்னு பட்டினி கிடக்கறது."

"இவளால சாப்பிட முடியல டாக்டர். நான் வேலை பாக்குற இடத்துல எலிங்களுக்கு இப்படித்தான் மூளையில..."

அவர் சிரித்தார். "உங்க பொண்ணு எலி இல்லம்மா." சத்து மருந்து எழுதிச் சீட்டை நீட்டினார். "அடுத்து யாரு?"

"எடை பாக்கலையே டாக்டர்."

"மெஷின் மேல பெட்டி இருக்கு. அடுத்த தடவை பாத்துக்கலாம்."

மூலையில் எடை மெஷினின் மேல் மருந்துப் பெட்டிகள் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தன. எலியம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு மேல் பெட்டியைத் தூக்கித் தரையில் வைத்தாள்.

"யாரும்மா அது, அதத் தொடாதீங்க" என்றாள் நர்ஸ்.

அடுத்த பெட்டியைத் தூக்கினாள்.

"அம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் மகள்.

"பாக்கட்டும். செருப்பக் கழட்டிட்டு ஏறு."

மகள் ஏறினாள். முள் கொஞ்சம் நகர்ந்து நடுங்கி நின்றது. எலியம்மா குனிந்து பார்த்தாள். பார்த்த கண்ணை எடுக்காமல், "டாக்டர், ஒரு நிமிஷம் இங்க பாருங்க" என்றாள்.

டாக்டர் எதிரில் அடுத்த நோயாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தார். நர்ஸ் குனிந்து, மெஷின் மேலேயே திரும்ப வைக்கப் பெட்டிகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.