நேராக வீட்டுக்குப் போகாதே

குடோ டீச்சர் நீட்டிய துடைப்பத்தை லிகாயா வாங்கவில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மதியச் சாப்பாடு முடிந்து பள்ளி முழுவதும் சுத்தம் செய்கிற நேரம். ஒலிபெருக்கியில் வழக்கமான பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தலைமை ஆசிரியரிலிருந்து ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் வரை ஆளுக்கொரு துணியோ துடைப்பமோ பிடித்துக் குனிந்திருக்க, தாழ்வாரத்தின் நடுவில் அவள் மட்டும் நட்டு வைத்ததுபோல நின்றாள். இங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்த புதிதில் அவள்தான் துடைப்பத்தைத் தேடி ஓடிப்போய் எடுப்பாள். இந்த ஊரில் நல்ல பெயர் வாங்க அதுதான் சுருக்கு வழி என்று முதல் வாரத்திலேயே புரிந்துகொண்டவள்.

"உடம்பு சரியில்லையா?" என்றாள் குடோ டீச்சர். பள்ளியின் முதலுதவி அறை அவள் பொறுப்பு. யார் முகம் வாடினாலும் முதலில் அவள் கண்ணில்தான் படும்.

"அப்பாவை இன்னும் வீட்லேர்ந்து எடுக்கல. அதுவரைக்கும் நாங்க பெருக்கக் கூடாது. பெருக்கினா வீட்ல இன்னொருத்தரையும் சாவு வாரிட்டுப் போயிடும்னு சொல்வாங்க."

வீடு பிலிப்பைன்ஸில், கபனாதுவானில் இருக்கிறது; இவள் நிற்பதோ ஜப்பானில், அகிதா மலையடிவாரத்தில், ஜன்னல் உயரத்துக்குப் பனி குவிந்த பள்ளியில். குடோ டீச்சர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

"ஈரத் துணியால துடைக்கலாமா? அதுக்கு ஒண்ணும் தடையில்லையே?"

அதைப் பற்றி ஊரில் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. லிகாயா பிள்ளைகளோடு மண்டி போட்டுத் தரையைத் துடைத்தாள். அப்பா போன செய்தி வந்ததிலிருந்து அவள் செய்த காரியங்களில் அதுதான் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அவளுக்கு லீவு இல்லை. இருந்ததையெல்லாம் நவம்பரிலேயே தீர்த்துவிட்டாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது என்று ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது மனிதர் எழுந்து உட்கார்ந்து, வாடகைக்கு ஓட்டும் தன் மோட்டார் ட்ரைசைக்கிளை மருமகன் கன்னாபின்னாவென்று ஓட்டுகிறான் என்று புகார் சொல்லிக்கொண்டிருந்தார். இடது காலை இழுத்து இழுத்து வாசல்வரை நடந்தும் காட்டினார். லீவு தீர்ந்தும் இன்னும் பத்து நாள் இருக்கிறேன் என்றவளை அவர்தான் விரட்டினார். பிள்ளைகள் காத்திருப்பார்களாம்.

கிளம்பும்போது கேட்டார்: "உன் ஊர்ப் பனியில என் வண்டி ஓடுமா?"

"வழுக்கும்ப்பா. நடக்கவே முடியாது."

"ஒரு தடவை வந்து பாக்கணும். நீ இருக்கிற வீட்டையும் பாத்த மாதிரி இருக்கும்."

"உங்க காலுக்கு அந்த ஊர் ஆகாது. முதல்ல குணமாகட்டும்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் இப்போது அந்த 'ஆகாது'தான் திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. வாங்கப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? வரவா போகிறார்? சொல்லியிருக்கலாம்.

செய்தி வந்த நாளிலிருந்து விடியற்காலையில் பனி அள்ளும் வண்டி தெருவில் இருமிக்கொண்டு வரும்போதெல்லாம் அப்பாவின் ட்ரைசைக்கிள் என்று தூக்கத்திலேயே எழுந்து உட்கார்ந்தாள். அறையில் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்தால் அவர் சட்டை வாசம் வந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாசம் அடங்கிவிடுமோ என்று ஜன்னலைத் திறக்காமல் இருந்தாள்.

அடக்க நேரத்துக்குக் குடோ டீச்சர் முதலுதவி அறையைக் கொடுத்தாள். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, உள்ளே யாரும் வராமல் கதவருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

போனில் அக்கா டெலியா வந்தாள். கல்லறைத் தோட்டத்தில் வெயில் கொளுத்தியது. எல்லோரும் குடை பிடித்திருந்தார்கள். குழியின் ஓரத்தில் பெட்டியின் மேல்மூடியைத் திறந்து, கண்ணாடி வழியாகக் கடைசியாக முகம் காட்டினார்கள். டெலியா போனைக் கண்ணாடிக்கு மேலே பிடித்தாள். அப்பா வெள்ளைச் சட்டையில் யாரோ பெரிய மனிதர்போல இருந்தார். வாய் மட்டும் அவருடையது.

லிகாயா அழுதாள். உடனே கொன்சிங் அத்தையின் குரல் கேட்டது.

"போனைத் தூக்குடி. கண்ணீர் கண்ணாடி மேல விழுந்தா அவன் எப்படி நிம்மதியாப் போவான்?"

"போன்ல அழுதா எப்படி அத்தை விழும்?"

"யாரு கண்டா? தூக்கு."

யாரோ சிரித்தார்கள். லிகாயாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள். அப்பா உயிரோடிருந்தால் அத்தையை இதற்காக ஒரு மாதம் கேலி செய்திருப்பார். போன் தூக்கப்பட்டது. பெட்டியை மூடிவிட்டார்கள்.

பிறகு குழந்தைகளைப் பெட்டிக்கு மேலே தாண்டவைத்தார்கள். இந்தப் பக்கம் டெலியாவின் புருஷன் தூக்கிக் கொடுக்க, அந்தப் பக்கம் ஒரு மாமா வாங்கிக்கொண்டார். செத்தவர் ஆசைப்பட்ட பிள்ளைகளைத் தேடி வராமல் இருக்க அப்படிச் செய்வது வழக்கம். கடைசிக் குழந்தையும் தாண்டியதும் அத்தை டெலியாவின் பக்கம் திரும்பினாள்.

"அவளையும் தாண்ட வை."

"யாரை?"

"லிகாயாவைத்தான். இவ மேலதானே உயிரையே வெச்சிருந்தான்? நேரா இவகிட்டதான் போய் நிப்பான். ஒண்டியா இருக்கிற பொண்ணு, தாங்கமாட்டா."

"வேண்டாம் அத்தை," என்றாள் லிகாயா.

அங்கே கேட்கவில்லையோ, கேட்டும் விட்டுவிட்டார்களோ. திரையில் வானம் புரண்டது. ஒரு குடையின் விளிம்பு, மாமரக் கிளை, பெட்டியின் வெள்ளை மூடி. பிறகு மாமாவின் உள்ளங்கை திரையை மறைத்தது. அவ்வளவுதான், தாண்டியாகிவிட்டது. லிகாயா முதலுதவிக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அப்பா செத்ததைவிட இதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இனி அவர் வரமாட்டார்.

பெட்டி இறங்கியபின் டெலியா தனியாக வந்து பேசினாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"நேரா வீட்டுக்குப் போகாதே. எங்கயாவது உக்காந்து ஒரு காபி குடிச்சிட்டுப் போ. தெரியுமில்ல?"

"நான் அடக்கத்துக்கே வரலையேக்கா."

"போன்ல வந்தேல்ல? ஆவி ஒட்டிக்கிட்டு வர்றது வரத்தான் செய்யும். வழியிலயே உதறிவிட்டுட்டுப் போகணும். சொன்னாக் கேளுடி."

லிகாயா சரி என்றாள்.

திரையை விலக்கியபோது குடோ டீச்சர் எழுந்து நின்று குனிந்து வணங்கினாள். மேசை இழுப்பறையிலிருந்து தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு பொட்டலத்தை எடுத்து, லிகாயாவின் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"உப்பு. எங்க ஊர்ல சாவுக்குப் போயிட்டு வந்தா வாசல்லயே தோள் மேல தூவிக்குவோம். அப்புறம்தான் உள்ள போவோம். நீங்க தனியா இருக்கீங்க. பயமா இருந்தா வெச்சுக்குங்க."

எந்த ஊர் மனிதரானால் என்ன, செத்தவர் உள்ளே வந்துவிடுவாரோ என்ற பயம் மட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். குடோ டீச்சரை அவளுக்குப் பிடித்திருந்தது. குனிந்து நன்றி சொல்லி, பொட்டலத்தைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

பள்ளி விட்டபோது பனி பெய்துகொண்டிருந்தது. வாசல் படிகளில் பனிக்கட்டி இளகுவதற்காக வேலையாள் வாளியிலிருந்து உப்பை அள்ளி வீசிக்கொண்டிருந்தார். பார்த்துப் போங்க டீச்சர் என்றார். வழியில் ஸ்டேஷனுக்கு எதிரே காபி கிடைக்கும் கடை இருந்தது. கண்ணாடிக்குள் விளக்கு எரிந்தது, இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. லிகாயா கடையைப் பார்த்தாள். நடையை எட்டிப் போட்டாள். தபாலாபீஸ், மீன் கடை, கோயில் எதிலும் நிற்கவில்லை. பாலம் தாண்டியதும் மட்டும் தன்னையறியாமல் மெதுவாக நடந்தாள். கால் இழுத்து நடப்பவர் யாராவது கூட வந்தால் எப்படி நடப்போமோ அப்படி. திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் குடியிருந்தது கீழ்த்தளம். கதவுக்கு முன்னால் ஒரே ஒரு சிமெண்டுப் படி. காலையில் மிதிபட்ட பனி அதில் கண்ணாடியாக உறைந்திருந்தது. போன மாதம் அவளே அங்கே வழுக்கி விழுந்திருக்கிறாள்.

சாவியை எடுக்கப் பைக்குள் கை விட்டபோது பொட்டலம் தட்டுப்பட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கோட்டில் படிந்த பனியைக்கூடத் தட்டவில்லை. பிறகு கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றி, பொட்டலத்தைப் பிரித்தாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்த ஒரு சிட்டிகை உப்பையும் படியின் மேல், இடது கால் வைக்கிற இடத்தில் தூவினாள். பனிக்கட்டி மெல்ல வெடிக்கும் சத்தம் கேட்டது.

கட்டி இளகும்வரை இருந்தாள். அப்புறம் எழுந்து கதவை அகலத் திறந்துவிட்டு, தான் முதலில் நுழையாமல் ஓரமாக ஒதுங்கி நின்றாள்.