பந்திப் படம் நீங்கலாக

செத்துப்போன ஒரு மனிதரின் முகத்துக்குக் கண்டியில் விலை பதினெட்டாயிரம் ரூபாய். சுதேஷ் அதைப் பதினைந்துக்குக் கேட்டான்.

கேட்டபோது அது முகம் என்று அவனுக்குத் தெரியாது. ஸ்டூடியோவில் எடுக்கும் படங்களுக்கு இன்னொரு பிரதி வைத்துக்கொள்ளும் ஹார்ட் டிஸ்க் என்றுதான் நினைத்தான். டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பஹ்மி நானா பதினேழரைக்கு இறங்கினார். சுதேஷ் பதினைந்தே கால் என்று ஏறினான். "அந்த இருநூத்தம்பதுக்குப் பிள்ளைக்கு டொபி வாங்கிக் குடுங்க தம்பி" என்றார் நானா. இரண்டு பேருக்குமே பொருளைவிடப் பேரத்தில்தான் ருசி. தேத்தண்ணி குடித்து, சிரித்து, அடுத்த வாரம் பேசுவோம் என்று பிரிந்தார்கள். அடுத்த வாரம் வரவேயில்லை.

வந்தது விஜயதசமி. முதல் நாள் ஆயுத பூஜைக்காக ஓய்வு கொடுத்த கம்ப்யூட்டர் அன்றைக்குக் காலையில் எழும்ப மறுத்தது. மஹய்யாவையில் அவனுடைய அந்தச் சின்ன ஸ்டூடியோவுக்குள் கதிரை நுனியில் டிலானி உட்கார்ந்திருந்தாள். ஹேவாஹெட்டவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவளுடைய கல்யாணத்துக்குப் படம் எடுத்தது சுதேஷ்தான். இப்போது அவளுடைய அப்பா கணபதி போய்ச் சேர்ந்துவிட்டார். மறுநாள் கருமாதி. மாலை போட ஒரு படம் வேண்டும்.

"எல்லாரு போனையும் தேடிட்டோம்ணே" என்றாள். "பொண்ணு மாப்பிள்ளையத்தான் படம் புடிச்சிருக்காங்க, இல்லேன்னா அவங்கவங்க மொகத்த அவங்களே புடிச்சிருக்காங்க. அடையாள அட்டையில இருக்கிறது தேஞ்சி போச்சு. கறுப்பாத் தெரியுது, அவ்வளவுதான்."

"கவலப்படாத தங்கச்சி. அப்பாவ மட்டும் நான் நூறு படம் எடுத்திருப்பேன்."

வியாபாரி வாய். கணக்குக்கு முந்திக்கொண்டு போய்விடும்.

படங்கள் இருப்பது அந்த ஒரு மெஷினில் மட்டும். கேமராவின் மெமரி கார்டில் அதற்குப் பிறகு இரண்டு கல்யாணமும் ஒரு சாமத்தியச் சடங்கும் ஏறி உட்கார்ந்துவிட்டன. மெஷினோ, பட்டனை அமுக்கியதும் லைட் எரிந்தது, விசிறி ஒரு மூச்சு சுற்றியது, நாலே விநாடியில் அடங்கிவிட்டது. வயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினால் மறுபடியும் அதே ஒரு மூச்சு.

"அப்பாவுக்கும் பேராதன ஆஸ்பத்திரியில இப்பிடித்தான்ணே இருந்திச்சு. எழும்பிருவாருன்னு இருக்கும்" என்றாள் டிலானி.

சுதேஷ் பிளக்கை வேறு இடத்தில் குத்தினான். வயரை மாற்றினான். மூடியைக் கழற்றித் தூசு ஊதினான். மெமரிப் பலகையை இழுத்து, அதன் பித்தளைப் பல்லை அழிறப்பரால் தேய்த்துத் திரும்பப் போட்டான். போன் பேசவும் போட்டோகொப்பி எடுக்கவும் ஆட்கள் வரும் பக்கத்துக் கொமியூனிகேஷன் கடையிலிருந்து பவர் சப்ளைப் பெட்டியை இரவல் வாங்கி மாட்டினான். ஒரு மூச்சு. அவ்வளவுதான்.

கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டும். உள்ளேயிருந்து பிளேன்டீ கொண்டுவந்த மனைவி நிஷாந்தினி அகப்பட்டாள்.

"நேத்து ஈரத்துணியால தொடச்சது நீதானே?"

"நான் தொடச்சது மேசைய. மெஷினத் தொட்டா கைய ஒடிப்பேன்னு சொன்னது யாருங்க?"

அடுத்து சுதேஷ் மாரியம்மனிடம் போனான், மனதுக்குள். எழுப்பி விட்டால் ஒரு தேங்காய் உடைக்கிறேன் என்றான். வயரைச் செருகினான். எழும்பவில்லை. பதினொன்று என்றான். இருபத்தொன்று. பஹ்மி நானாவிடம் ஒரு காலுக்கு மேல் ஏறாதவன், ஆத்தா வாயே திறக்காமல் ஐம்பத்தொன்று வரைக்கும் தானாகவே ஏறினான். மெஷின் மட்டும் ஏறவில்லை.

கடைசியில் போனை எடுத்தான்.

"நானா, அந்த டிஸ்க்க பதினெட்டுக்கே எடுத்துக்கிறேன்."

"மெஷின் மௌத்தா தம்பி, உசிர் போய்ட்டா?"

"எப்பிடித் தெரியும்?"

"நீங்க பதினெட்டுக்கு எடுக்கிறண்டா வேற என்ன? உள்ளுக்க இருக்கிற டிஸ்க்குல கை வெக்க வேணாம். நான் வாறன்."

வந்தவர் பிளேன்டீயை ஒதுக்கிவிட்டு மெஷின் முன்னால் குந்தினார். "எத்தின தரம் போட்டுப் பாத்தீங்க?"

"அம்பது தரம் இருக்கும்."

"யா அல்லாஹ்! ஒவ்வொரு தரமும் டிஸ்க்குட தலையில ஒரு அடி. உசிர் ஈக்கிதா இல்லயா எண்டு இப்ப சொல்லேலா."

டிலானி கதிரையை விட்டு எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். நானா அவளைப் பார்த்தார். யார், எதற்கு என்று நிஷாந்தினி மெல்லச் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் பகிடி விடவில்லை.

முன்பக்கத்துப் பட்டனிலிருந்து உள்ளே போகும் மெல்லிய வயரைக் கழற்றினார். அது குத்தியிருந்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் லேசாகத் தொட்டார். விசிறி சுற்றியது. நாலு விநாடி போயிற்று. பத்துப் போயிற்று. விசிறி நிற்கவில்லை. திரையில் வெளிச்சம் வந்து, டிலானியின் முகத்தில் விழுந்தது.

"டிஸ்க்குக்கு ஒண்டும் இல்ல" என்றார் நானா. முன்பக்கத்துப் பட்டனை நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார். "சந்தனம். பூஜைக்குப் பொட்டு வெச்சது யாரு?"

வைத்தது சுதேஷ்தான். கேமராவுக்கு, ஸ்டாண்டுக்கு, பிரின்டருக்கு என்று வரிசையாகப் பொட்டு வைத்து வந்தவன், கம்ப்யூட்டரின் நெற்றி எது என்று தேடி, அந்த வட்டப் பட்டன்தான் என்று தீர்மானித்து, பெருவிரலால் தாராளமாக அப்பியிருந்தான். ராத்திரி அது காய்ந்தது. காலையில் அமுக்கிய பட்டன் வெளியே வராமல் உள்ளேயே ஒட்டிக்கொண்டது.

"பட்டன அமுக்கிப் புடிச்சா, நிப்பாட்டச் சொல்றாங்க எண்டு மெஷின் நெனக்கும். அது நீங்க சொன்னதத்தான் கேட்டிருக்கு."

"ஈரத்துணி கொண்டாரட்டாங்க?" என்று கேட்டாள் நிஷாந்தினி.

சுதேஷ் சிரித்தே விட்டான். அவசரமாகக் கதிரையை இழுத்துப் போட்டு, டிலானியைப் பக்கத்தில் உட்கார்த்தி, கல்யாணப் படங்களைத் திறந்தான். மாப்பிள்ளை அழைப்பு, மணவறை, தாலி, அட்சதை. படங்கள் ஓடின. அவள் திரைக்கு வெகு கிட்டப் போனாள்.

"அப்பா எங்கண்ணே?"

"வருவாரு, பொறு. தாரை வார்க்கிற இடம் வரட்டும்."

தாரை வார்க்கிற இடமும் வந்தது. அங்கே நின்றது கொழும்பு மாமாவும் அத்தையும். டிலானிக்கு அம்மா இல்லை. மனைவியை இழந்தவர் தனியாக நின்று தாரை வார்க்கக் கூடாது என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

"அவரு பந்தியிலதான் நின்னாருண்ணே, காலையிலருந்து. ஒருத்தரும் பசியோட போகக் கூடாதுன்னு. பந்திப் படத்தப் போடுங்க."

சுதேஷின் கை மவுஸில் அப்படியே நின்றது.

பந்திப் படத்துக்குத் தனியாக ஆறாயிரம் கேட்டிருந்தான். கணபதி இதே கடையில், இதே மேசைக்கு எதிரே நின்று பேரம் பேசினார். "திங்கிறவன் வாயப் படம் புடிச்சி என்ன தம்பி செய்யப் போறோம்? அதக் கழிச்சிருங்க." வேலை குறைந்த சந்தோஷத்தில் சுதேஷ் உடனே கழித்தான். அவன் மனசாரத் தோற்ற ஒரே பேரம் அதுதான்.

"பந்தியில எடுக்கல தங்கச்சி."

"ஒண்ணு கூடவாண்ணே?"

பஹ்மி நானா சாமான் பையைக் கட்டிக்கொண்டிருந்தவர், கட்டுவதை நிறுத்திவிட்டுத் தாமும் பின்னால் வந்து குனிந்தார்.

"இன்னொருவாட்டி மொதல்லருந்து பாருங்கண்ணே" என்றாள் டிலானி.

பார்த்தார்கள். மூலை முடுக்கையெல்லாம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாம் தரமும் பார்த்தார்கள்.

கணக்கு இப்படி வந்தது. படங்கள் மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. அதில் கொழும்பு மாமா இருநூற்றுப் பன்னிரண்டு. மாமாவின் புதுக் கார் முப்பத்தொன்று. கணபதி மூன்று: ஓமப் புகைக்குள் ஒன்று, ரச வாளியோடு முதுகு காட்டி ஒன்று, வாசல் தூணுக்குப் பின்னால் ஒரு கையும் பாதித் தோளுமாக ஒன்று.

முகம், பாக்கி.