வட்டமாக வெட்டிய இலைகள்

கத்தரிக்கோல் பிடித்துப் பழகிய கைதான் இதை வெட்டியிருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். சங்குப்பூக் கொடியின் இலையோரத்தில் அரைவட்டமாக ஒரு வெட்டு. பிசிறே இல்லை. இருபது வருடமாகத் தையல் மெஷினே கதியென்று கிடக்கிறவள். டப்பா மூடியை வைத்துக் கோடு போட்டாலும் அவளுக்கு இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை.

வெட்டியது யாரென்று போன வாரமே தெரிந்துவிட்டது. கறுப்பும் சாம்பலுமாக ஒரு சின்னத் தேனீ. கூட்டம் கிடையாது, தனி ஆள். இலைத்துண்டைச் சுருட்டி வயிற்றுக்கடியில் இடுக்கிக்கொண்டு, மெஷினுக்குப் பக்கத்து ஜன்னல் சட்டத்தில் இருந்த பழைய திருகாணி ஓட்டைக்குள் நுழைந்தது. இலையை அடுக்கி, மகரந்தம் வைத்து, முட்டையிட்டு மூடுகிறது. ஜன்னல் கதவைச் சாத்தினால் அந்த ஓட்டை மறைந்துபோகும். ஆறு நாளாக அவள் சாத்தவில்லை. ஒருநாள் சாரலில் யாருடைய ரவிக்கையோ நனைந்து, இஸ்திரிப் பெட்டியால் காயவைத்துக் கொடுத்தாள்.

மதிலோரத்து மூன்றடி மண்ணில் அவள் வைத்ததெல்லாம் இந்தப் பக்கத்தில் யாரும் கேட்காமல் முளைக்கிறவைதான். சங்குப்பூ, ஆடாதோடை, கொழுஞ்சி. வேர் பிடித்துவிட்டால் வருடாவருடம் தானே துளிர்க்கும். பிடிக்க வேண்டுமே. முதல் வருடம் வெறும் குச்சி. அடுத்த வருடம் இலை மட்டும். "புதருக்குத் தண்ணி ஊத்துறா" என்று கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். இந்த மூன்றாம் வருடம்தான் பூ. அந்த மண்கூட, சிமென்ட் போட ஆள் வந்த அன்று மழை கொட்டியதால் தப்பியது. அன்றைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து "சரி" என்பது அவள் வாயில் எச்சில் மாதிரி ஊறிக்கொண்டே இருந்தது. அது யாருடைய சொல் என்று இப்போதெல்லாம் மெஷின் மிதிக்கும்போது யோசிக்கிறாள்.

வாசல் கதவு திறந்தது. பக்கத்து வீட்டு நாத்தனார், ஒரு கையில் பூச்சிமருந்து பாட்டில், மறு கையில் காலிப் பக்கெட். பின்னாலேயே கணவர், ஏற்கெனவே பேசி முடித்துவிட்ட முகத்தோடு.

"என் ரோஜாவுல பாதி இலை ஓட்டை. எங்கேருந்து வருதுன்னு இப்பல்ல தெரியுது," என்றாள் நாத்தனார். "எல்லாத்தையும் அரிச்சுத் தின்னு வச்சிருக்கு பாரு."

"தின்னல அண்ணி. வெட்டி எடுத்துட்டுப் போகுது."

"வெட்டி எடுத்துட்டுப் போயி என்ன, ஜாக்கெட் தைக்குதா?"

"ஆமா. பிள்ளைக்கு."

கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. பிறகு அக்காவைப் பார்த்து முகத்தை மாற்றிக்கொண்டார். "ஒரு தடவை அடிச்சா என்ன குறைஞ்சு போகுது? அக்கா சும்மாவா சொல்லும்?"

"அடிச்சா செத்துப் போகுங்க. வேற ஒண்ணும் குறையாது."

"செடிக்குத்தானே அடிக்கிறோம்," என்றார்.

"அதுங்க அதுலதானே இருக்கு."

நாத்தனார் பக்கெட்டை நீட்டினாள். "விடிய விடியப் பேசுவா இவ. இந்தா, பாதி தண்ணி பிடிச்சுட்டு வா. மருந்தைக் கலக்கணும்."

அவள் வாங்கிக்கொண்டாள். கை அதுவாகவே நீண்டுவிட்டது. குழாய் நாலு எட்டுத் தூரத்தில்தான் இருந்தது. உள்ளுக்குள் பயம் இல்லாமல் இல்லை. இன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சிருக்காது, நாளைக்கு மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து நாத்தனாரின் முகம் திரும்பாது. இல்லாவிட்டால் என்ன என்று தோன்றியபோது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"மாட்டேன் அண்ணி," என்றாள், கேட்ட துணி இன்னும் தைக்கவில்லை என்று சொல்கிற அதே குரலில்.

செடிகளுக்கு முன்னால் போய்ப் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள். புடவையை முழங்காலுக்கடியில் செருகிக்கொண்டாள். நாத்தனாரின் விரல்கள் பாட்டில் மூடியிலேயே நின்றிருந்தன. பக்கெட்டின் விளிம்பு அவள் கனத்தில் மெல்ல ஈரமண்ணுக்குள் அழுந்தியது.