உத்தமன் வேனின் உள்நீளம்

அண்ணனூரில் மின்சார ரயில்களைக் கழுவி நிறுத்துகிற பணிமனைக்குப் பின்தெருவில் நிற்கும் வெள்ளை வேன், வெளியே அளந்தால் பதினெட்டடி நீளம். உள்ளே, கடைசியாக அளந்தபோது, ஏழு கிலோமீட்டர் இருந்தது. அதற்குப் பிறகு அளக்க யாரும் போகவில்லை. தெருக்காரர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் கிடையாது. இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கி நான்கு மாடி எழுப்புவதைத் தினமும் பார்க்கிறவர்கள் அவர்கள். வேன் உள்பக்கமாக நீண்டதால் யார் வீட்டு வாசலும் அடைபடவில்லை, ஆகவே யாரும் புகார் எழுதிப் போடவில்லை.

வேனின் சொந்தக்காரர் உத்தமன், ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தவர். அந்தப் பிரிவின் வழக்கம் எளிமையானது. செய்து முடித்த பாகம் மேசைக்கு வரும். குறை இருந்தால் மஞ்சள் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள், இல்லாவிட்டால் பச்சைப் புள்ளி வைப்பார்கள். பச்சை இல்லாமல் ஒரு திருகாணிகூட கேட்டைத் தாண்டாது. உத்தமன் கையில் முதல் தடவையே பச்சை வாங்கிய பாகம் ஒன்றும் இல்லை என்பதைச் சிலர் பெருமையாகவும் பலர் வசவாகவும் சொல்வார்கள். பீரங்கி வண்டிக்குள் உட்காரப்போகிறவன் உயிர் அதில் இருப்பதால் அவரைக் குறைசொல்ல முடியாது. குறை என்னவென்றால், மாலையில் வீட்டுக்கு வரும்போது அந்த மேசையையும் மனதில் தூக்கிக்கொண்டு வந்தார். அருப்புக்கோட்டையிலிருந்து பார்வதம் மனைவியாகக் குவார்ட்டர்ஸுக்கு வந்து முதல் நாள் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, "நல்லாருக்கு, ஆனா" என்றார். முப்பது வருடத்தில் அந்த "ஆனா" இல்லாமல் அவர் எதையும் சரி என்று சொல்லி அவள் கேட்டதில்லை. குழந்தை இல்லாத வீட்டில் அது ஒரு மூன்றாவது ஆள் மாதிரி கூடவே இருந்தது.

அவர் ஓய்வுபெற்று அண்ணனூரில் சொந்த வீட்டுக்கு வந்த வருடம், பார்வதத்துக்குப் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கியது. விழித்திரை நோய் என்றார் டாக்டர். இப்போது குழாய்க்குள்ளே பார்ப்பது போலத் தெரியும், அந்தக் குழாய் வருடத்துக்கு வருடம் ஒடுங்கும், மூன்று வருடம் தாங்கினால் அதிகம். வீட்டுக்கு வந்து பார்வதம் அழவில்லை. பழைய பேப்பர் கட்டிலிருந்து ஒரு படத்தைக் கத்தரித்து பிரிட்ஜ் மேல் ஒட்டினாள். பழவேற்காடு ஏரியில் ஆயிரக்கணக்கில் பூநாரைகள் நிற்கிற படம்.

"கண்ணு இருக்கறப்பவே நாலு இடம் பாத்துடணுங்க. மொதல்ல இத" என்றாள்.

உத்தமன் மறுவாரமே குமணன்சாவடிக்குப் போய், ஒரு கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த பழைய வேனை வாங்கி வந்தார். மங்கிய வெளிச்சத்தில் தடுக்கி விழுகிறவளை லாட்ஜுக்கு லாட்ஜ் இழுத்தடிக்க முடியாது, அதனால் கட்டிலும் அடுப்பும் கழிவறையும் வண்டிக்குள்ளேயே இருக்கட்டும் என்று நினைத்தார். அது அன்புதான், அதில் சந்தேகம் வேண்டாம். பழவேற்காடு இரண்டு மணி நேரத் தூரம் என்பதால் வெள்ளோட்டத்துக்கும் அதுவே தோது என்றார். பறவைகள் மார்கழியில் வந்து பங்குனியில் போய்விடும். அப்போது நடந்துகொண்டிருந்தது ஐப்பசி.

குமணன்சாவடியில் வேன்களுக்குப் பாடி கட்டுகிற ஜஸ்டின் கூடமாட வேலைக்கு வந்தான். முதலில் தரைக்குப் பலகை. உள்ளே பத்தரை அடி என்று அளந்து வெட்டிப் பதித்தார்கள். உத்தமன் மண்டியிட்டுத் தடவிப் பார்த்து, ஒரு மூலை அரிசியளவு தூக்கியிருக்கிறது என்று மஞ்சள் சாக்பீஸால் வட்டம் போட்டார். ஜஸ்டின் அதை இழைத்து மட்டமாக்கி வட்டத்தைத் துடைத்தான். அடுத்த நாள் காலையில் பலகைக்கும் பின்சுவருக்கும் நடுவே ஒரு சாண் வெற்றிடம் இருந்தது.

"இன்னா அண்ணாத்தே இது, நேத்து டைட்டா அட்ச்சிட்டுதான போனேன். இன்னிக்கு பலகை பத்தல. வண்டி வளந்துகினு கீது."

"வண்டி வளராதுப்பா. நீ அளந்தது தப்பு" என்றார் உத்தமன்.

அளந்தது தப்பில்லை. ஒரு மஞ்சள் வட்டம் அழியும்போதெல்லாம் வேன் உள்ளே ஒரு சாண் நீண்டது. நீண்ட இடத்துக்குப் புதிதாகப் பலகை, புதிதாகச் சுவர்த்தகடு, புதிதாக ஒயர் வேண்டியிருந்தது. புதிய வேலையில் புதிய குறைகள் இருந்தன, அவற்றுக்குப் புதிய வட்டங்கள். முதல் மார்கழி வந்தபோது மடக்குக் கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே முப்பதடி நடக்க வேண்டியிருந்தது. சோலார் தகட்டிலிருந்து விளக்குக்குப் போகிற ஒயரை மூன்று தடவை மாற்றினார்கள். "இந்த வருஷம் விட்டா அடுத்த வருஷம் வராதா அந்தப் பறவை?" என்று உத்தமன் கேட்டார். பார்வதம் படத்துக்குப் பக்கத்தில் நின்று, அப்போது ஒரு தாம்பாளம் அளவுக்கு இருந்த தன் பார்வையால் அதை முழுதாக ஒருமுறை பார்த்துவிட்டு, வரும் என்றாள்.

நடுவில் வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி வெளியே அளந்தார், பதினெட்டடி. உள்ளே எட்டிப் பார்த்தார், கடைசிச் சுவர் கண்ணுக்கு எட்டவில்லை. உள்நீளத்தைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அரசாங்கமே சரி என்று சொன்ன வண்டியை உத்தமன் சரி என்று சொல்லவில்லை. தண்ணீர் டேங்கிலிருந்து மணிக்கு ஒரு சொட்டு கசிந்தது, கொசுவலை ஜன்னலோடு பொருந்தவில்லை, கழிவறைத் தாழ்ப்பாள் போடும்போது ஒருமாதிரி முனகியது. இரண்டாவது மார்கழியில் அவர் உள்ளே போய்வர சைக்கிள் வைத்துக்கொண்டார். காலையில் வேலைக்குப் போகிற ஜஸ்டின் பாதி வழியில் உட்கார்ந்து டிபன்பாக்ஸைத் திறக்க வேண்டியிருந்தது. தை முடிவதற்குள் அவன் வேலையை விட்டான். போகும்போது பார்வதத்திடம் வந்து சொன்னான்.

"யக்கா, வண்டி போன வருசமே ரெடி. அண்ணாத்தே ஒரு தபா சரின்னு சொல்லிட்டா வளர்றது நின்னுடும். அத்த சொல்ல மாட்றாரு."

அன்று மாலை உத்தமன் சைக்கிளை மிதித்துக்கொண்டு கதவுக்கு வந்தபோது பார்வதம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவள் கெஞ்சியது அது ஒருமுறைதான். "ஒரே ஒரு தடவ சரின்னு சொல்லுங்க. பொய்யாவாவது சொல்லுங்க" என்றாள். உத்தமன் நேர்மையாகவே முயன்றார். உள்ளே திரும்பி ஒழுங்காகப் போட்ட பலகையையும், வரிசையாக எரிகிற விளக்குகளையும், அவள் படுத்தபடியே வெளியே பார்க்கத் தோதாக இழைத்து இழைத்துப் பொருத்திய ஜன்னலையும் பார்த்தார். "சரிதான்" என்றார். பார்வதம் அவர் கையை விடாமல் நின்றாள். "ஆனா" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு வேன் உள்ளே இரண்டு பர்லாங் நீண்டது. அவர் சைக்கிளைத் திருப்பினார். பறவைகள் அந்த வருடமும் வந்துவிட்டுப் போயின.

பிறகு அவர் சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரவில்லை, வரவேண்டிய தேவையும் இல்லை. வேனுக்குள் ஒரு மனிதனுக்கு வேண்டிய எல்லாவற்றையும் அவரே பொருத்தியிருந்தார். பார்வதம் வாரத்துக்கு ஒருமுறை அரிசியும் காய்கறியும் கதவருகே வைப்பாள், அவர் வந்து எடுத்துக்கொண்டு போயிருப்பார். பேச்சு மட்டும் இருந்தது. சத்தம் அடங்குவதற்காகச் சுவரெல்லாம் அவர் ஒட்டிய பஞ்சுத்தகட்டில் குரல் தங்கித் தங்கித்தான் வந்தது. காலையில் அவள் கேட்டதற்கு மத்தியானம் பதில் வரும். "சாம்பாருக்குப் பருப்பு இருக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் கோவிலுக்குப் போய்த் திரும்பினால், "இருக்கு, ஆனா பழசு" என்ற குரல் கதவோரம் காத்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது தை மாதத்தில் அவள் பார்வை ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வந்துவிட்டது. வானகரத்தில் பிளாட்டில் இருக்கிற தங்கை மகள் மோகனப்பிரியா சனிக்கிழமை காலையில் காரோடு வந்து நின்றாள். "பெரியம்மா, நானும் மூணு வருஷமா பாக்கறேன். இன்னிக்குப் போயிட்டு இன்னிக்கே வந்துடலாம், கெளம்புங்க" என்றாள். பார்வதம் புதுப்புடவை கட்டிக்கொண்டு வேன் கதவருகே போய் உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

"என்னங்க. பழவேற்காட்டுக்குப் போறோம். வர்றீங்களா?"

ஒன்பது மணிக்குக் கூப்பிட்டவள் பதினொன்று வரை வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். மோகனப்பிரியா இரண்டு தடவை காரை எடுத்து, இரண்டு தடவை நிறுத்தினாள். வேனுக்குள்ளிருந்து வெகுதூரத்தில் யாரோ திருகாணி முடுக்குகிற சத்தம் மட்டும் வந்தது. பார்வதம் எழுந்து போய்க் காரில் ஏறினாள்.

ஏரி நிறையப் பூநாரைகள் இருந்தன என்று மோகனப்பிரியா சொன்னாள். பார்வதத்துக்கு ஏரி தெரியவில்லை. அவளுக்கு இருந்த வட்டத்துக்குள் ஒரு சமயத்தில் ஒரு பறவைதான் பிடிபட்டது. அதனால் அவள் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு கால், வளைந்த அலகு, சிறகு விரியும்போது உள்ளே தெரிகிற சிவப்பு. பிறகு தலையைக் கொஞ்சம் திருப்பி அடுத்தது. கிளம்பலாமா என்று கேட்டபோதெல்லாம் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்றாள். பொழுது சாயும்வரை பார்த்ததில் ஏரியின் ஒரு ஓரத்தைத்தான் முடிக்க முடிந்தது. முதல் வருடம் வந்திருந்தால் ஒரே பார்வையில் எல்லாவற்றையும் அள்ளியிருக்கலாம். அதை நினைத்தபோதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. உத்தமன் மேல் அல்ல. பேருந்து போகிற ஓர் ஊருக்கு, ஒருவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரட்டும் என்று மூன்று வருடம் காத்திருந்த தன் மேல்.

வீடு திரும்பியபோது பதில் வந்திருந்தது. "இதோ வந்துட்டேன். தாழ்ப்பா மட்டும் பாத்துட்டு வரேன்." அவள் வீட்டுக்குள் போய்ப் புதுப்புடவையை மடித்து வைத்தாள். ஆடி மாதத்தில் பார்வை முழுவதும் போயிற்று. மோகனப்பிரியா தன்னோடு வந்துவிடச் சொன்னாள். பழகிய வீட்டில் கை வைக்கிற இடமெல்லாம் தெரியும் என்று பார்வதம் மறுத்துவிட்டாள். மழைக்காலத்தில் துணி காயப்போட இடமில்லாமல் போனபோது, வேனின் முதல் ஐம்பதடியில் கொடி கட்டிக்கொண்டாள். மாடிவீட்டுக்காரர்களும் கேட்டார்கள், அவர்களுக்கும் கட்டிக்கொடுத்தாள். யாருக்கும் அது சிரமமாக இல்லை. அரிசி வைப்பதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. மூட்டை எடுக்கப்படுவதற்கு முதலில் ஒரு வாரம் ஆனது, பிறகு ஒரு மாதம் ஆனது.

போன கார்த்திகையில் ஒரு மாலை, கொடியிலிருந்த துணியைத் தடவித் தடவி எடுத்து மடித்துக்கொண்டிருந்தபோது அவர் குரல் வந்தது. எப்போது கிளம்பிய குரலோ, மெலிந்து தேய்ந்திருந்தது. ஆனால் அதில் அவள் கேட்டேயிராத ஒரு சந்தோஷம் இருந்தது. "பார்வதம், எல்லாம் சரியா வந்துடுச்சு. ஒரு கொறையும் இல்ல. ஏறிக்க, கெளம்பலாம்."

அவள் கடைசித் துணியையும் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். இருட்டியிருக்குமா என்று தெரியவில்லை, அது இப்போது அவளுக்கு வேண்டியதும் இல்லை. கதவுக்கு நடந்து வந்து, இறங்கி, உள்பக்கமாகத் திரும்பி நின்று, "நான் போயிட்டு வந்துட்டேங்க" என்று சொன்னாள். அது அவரிடம் போய்ச்சேர எத்தனை மாதம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. கொசு உள்ளே போகிறது என்று கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போனாள்.